இலவச லேப்டாப் ஏன் மெதுவாச்சு? கணினி வேகத்தின் ஒரு சிறு வரலாறு

சாத்தான்குளம், திசையன்விளை, நாசரேத் பக்கம் எத்தனையோ வீடுகளில் பீரோவுக்கு மேலே ஒரு லேப்டாப் படுத்திருக்கும். மூத்த பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்கே போயிருக்கும். லேப்டாப் மட்டும் வீட்டில் இருக்கும். அது வேலை செய்கிறதா என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "ஆன் ஆகும் தம்பி, ஆனா ரொம்ப ஸ்லோ. வயசாயிட்டுல்லா."

இந்த "வயசாயிட்டு" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. மாட்டுக்கு வயசாகும், மோட்டாருக்குத் தேய்மானம் உண்டு. ஆனால் ஒரு பிராசசர் 2011ல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்கு போட்டதோ, அதே எண்ணிக்கையைத்தான் இன்றைக்கும் போடும். சிலிக்கான் சில்லில் தேய்வதற்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அப்படியென்றால் வேகம் எங்கே போச்சு?

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இந்தக் கேள்வியின் பின்னால் அறுபது வருஷ வரலாறு இருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. வீட்டுக் கணினி மெதுவாக இருக்கும்போது அது பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்குக் காத்திருக்கிறது என்று பார்த்தவர்கள் அதைச் சரி செய்தார்கள். பார்க்காதவர்களிடம் ஒரு பெரிய சந்தை மருந்து விற்றது.

மேஜையும் டில்லியும்

கணினிக்கு இரண்டு வகை நினைவு இருக்கிறது. ரேம் என்பது வேலை செய்கிற மேஜை. ஹார்ட் டிஸ்க் என்பது கிடங்கு. மேஜை சிறியது, ஆனால் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிடங்கு பெரியது, ஆனால் தூரம்.

எவ்வளவு தூரம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரேமில் இருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். லேப்டாப்களில் வழக்கமாக இருந்த ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. நமக்கு வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வர சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லி நொடி. மொத்தம் 17 மில்லி நொடி என்று வையுங்கள். ரேமைப் போல 1,70,000 மடங்கு.

இந்த எண்ணை மனுஷ அளவுக்குக் கொண்டுவருவோம். மேஜையில் இருந்து ஒரு காகிதத்தை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்றால், அதே காகிதத்தை ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுக்க ஏறத்தாழ 47 மணி நேரம். திருநெல்வேலியில் ரயில் ஏறி டில்லி போய்ச் சேருகிற நேரம். எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டு கிடையாது, 0.1 மில்லி நொடியில் கொடுத்துவிடும். அதே கணக்கில் 17 நிமிஷம். நடந்து கடைத்தெருவுக்குப் போய் வருகிற நேரம். பிராசசர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், காகிதம் டில்லியில் இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மேஜை சின்னதாக இருக்கிறதே என்ற கவலை பழையது. 1962ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழு உருவாக்கிய அட்லஸ் கணினியில் வேகமான நினைவு 16 ஆயிரம் சொல்தான். ஒரு சுழலும் டிரம்மில் இன்னொரு 96 ஆயிரம் சொல். இரண்டையும் ஒரே பெரிய நினைவு மாதிரி நிரல் எழுதுபவருக்குக் காட்டினார்கள். வேண்டியதை மேஜைக்கு ஏற்றுவதும் வேண்டாததை இறக்குவதும் கணினியின் பொறுப்பு. இதுதான் பிற்பாடு வர்ச்சுவல் மெமரி என்று பெயர் பெற்றது. இன்று உங்கள் வீட்டு லேப்டாப் முதல் கைபேசி வரை எல்லாம் இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. வேலைக்குத் தேவையான காகிதம் மேஜை அளவைத் தாண்டிவிட்டால், ஒன்றை ஏற்ற இன்னொன்றை இறக்க வேண்டும். இறக்கியதே அடுத்த நிமிஷம் தேவைப்படும். கடைசியில் ஏற்றி இறக்குவது மட்டும்தான் நடக்கும், வேலை நடக்காது. 1960களில் பெரிய கணினிகள் திடீர் திடீரென்று இப்படி முடங்கின. பீட்டர் டென்னிங் 1968ல் இதன் காரணத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். இதற்கு 'த்ராஷிங்' என்று பெயர். இதில் முக்கியமான செய்தி: வேகம் படிப்படியாகக் குறைவதில்லை. ஒரு எல்லை வரை நன்றாக ஓடும், எல்லையைத் தாண்டினதும் பாதாளத்தில் விழும்.

நம் லேப்டாப்பில் இதைப் பார்க்கலாம். மூன்று டேப் வரை ஓடும் பிரவுசர் நாலாவது டேபில் உறைந்துபோகும். மேஜையில் இருந்து இறக்கி வைத்த 100 எம்பியைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். மோசமான நிலையில், 4 கேபி துண்டுகளாக டிஸ்க்கில் அங்கங்கே சிதறிக் கிடந்தால், 25,600 துண்டு. ஒவ்வொன்றுக்கும் 17 மில்லி நொடி. ஏழு நிமிஷத்துக்கு மேல். அதே வேலை எஸ்எஸ்டியில் மூன்று நொடிக்குள். "ஹேங் ஆயிட்டு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஏழு நிமிஷத்தைத்தான்.

மேஜையின் விலை

சரி, மேஜையைப் பெரிதாக வாங்கிவிட்டால் போச்சு. ஏன் வாங்கவில்லை? காசு.

1990களில் ரேம்தான் கணினியின் தங்கம். 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிதோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து. சிப்புகளை மூடி அடைக்கிற எபாக்ஸி பிசினுக்கு உலகத்தின் பாதிக்கு மேல் அந்த ஒரு ஆலையைத்தான் நம்பியிருந்தது. ரேம் விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கம், மறுபடி எகிறியது. இந்தியாவில் இதற்கு மேல் சுங்க வரி வேறு. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997ல் சேர்ந்தது. கணினிப் பாகங்களுக்கான வரி படிப்படியாகக் குறைந்து 2005ல் பூஜ்யமானது. அதுவரை ரிச்சி தெருவில் அசெம்பிள் பண்ணி வாங்கினவர்கள் வெட்டிச் செலவைக் குறைக்க முதலில் கை வைத்தது ரேமில்தான்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ரேம் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. 4 எம்பியில் அது ஓடும், ஆனால் ஓடுவதை விட டிஸ்க் விளக்கு எரிவதுதான் அதிகம். அதே ஆண்டு பிப்ரவரியில், பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதை விட மென்பொருள் மெதுவாவது வேகமாக நடக்கிறது என்பது அதன் சாரம். விர்த் விதி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நம் தொழிலைப் பற்றிச் சொன்னது என்பதால் எனக்குக் கொஞ்சம் சுடும். ஆனாலும் உண்மை.

மருந்து வியாபாரம்

பற்றாக்குறை இருக்கிற இடத்தில் மருந்து வியாபாரி வந்துவிடுவார். 1995ல் சின்க்ரோனிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'சாஃப்ட்ரேம் 95' என்று ஒரு மென்பொருள் விற்றது. போட்டதும் ரேம் இரட்டிப்பாகும் என்றார்கள். விலை 30 டாலருக்குள். 6 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. திரையில் இரட்டிப்பான எண்ணும் தெரிந்தது. பிரித்துப் பார்த்தவர்கள் அது விண்டோஸ் 95ல் எதையும் சுருக்கவில்லை, இரட்டிக்கவில்லை என்று நிரூபித்தார்கள். அப்படிப் பிரித்தவர்களில் ஒருவர் மார்க் ரஸ்ஸினோவிச். இன்று மைக்ரோசாஃப்டின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவர். 1996ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நினைவைச் சுருக்கி வைக்கும் யோசனை பொய்யில்லை. 1994லேயே கனெக்டிக்ஸ் நிறுவனம் மேக் கணினிக்கு 'ரேம் டப்ளர்' என்று உண்மையாகவே அதைச் செய்து விற்றது. 2013ல் ஆப்பிள் தன் மேக்கிலும், 2014ல் லினக்ஸ் கெர்னல் 'இசட்ரேம்' என்ற பெயரிலும், 2015ல் விண்டோஸ் 10லும் அதே யோசனை உள்ளேயே வந்துவிட்டது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 2 ஜிபி லேப்டாப்புக்கு இது நிஜமாகவே உதவும்.

டீஃப்ராக் கதை வேறு மாதிரி. அது பொய் மருந்து இல்லை. கோப்பு டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் ஊசி ஒவ்வொரு துண்டுக்கும் ஓட வேண்டும். அடுக்கி வைத்தால் ஓட்டம் மிச்சம். 1993ல் எம்எஸ்-டாஸ் 6ல் சிமாண்டெக்கிடம் உரிமம் வாங்கி மைக்ரோசாஃப்ட் இதைச் சேர்த்தது. விண்டோஸ் 95, 98 வைத்திருந்தவர்களுக்கு அந்த வண்ணக் கட்டங்கள் நகர்வதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கும். எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, ஓட்டமும் இல்லை. அதற்கு டீஃப்ராக் செய்தால் பலன் கிடையாது, எழுதி எழுதி ஆயுள்தான் குறையும். விண்டோஸ் 7 முதலே எஸ்எஸ்டி என்று கண்டுகொண்டால் அந்தத் தானியங்கி டீஃப்ராகை நிறுத்திவிடும். ஆனால் "டீஃப்ராக் போடுங்க, ஸ்பீடாயிடும்" என்ற அறிவுரைக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர் என்று இன்றைக்கும் வருகிறவை எல்லாம் சாஃப்ட்ரேமின் பேரப்பிள்ளைகள். ரேம் பூஸ்டர் என்ன செய்கிறது? மேஜையில் இருந்ததை எல்லாம் வலுக்கட்டாயமாகக் கிடங்குக்குத் தள்ளி, "பாருங்க, மேஜை காலி" என்று காட்டுகிறது. அடுத்த கிளிக்கில் எல்லாம் டில்லியில் இருந்து திரும்ப வர வேண்டும்.

2 ஜிபி எங்கிருந்து வந்தது

இப்போது நம் லேப்டாப்புக்கு வருவோம். அதன் பிறப்பைப் புரிந்துகொள்ள 2007ல் இருந்து தொடங்க வேண்டும்.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. 512 எம்பி ரேம் உள்ள கணினிகளுக்கும் "விஸ்டாவுக்கு ஏற்றது" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். வாங்கினவர்கள் சியாட்டிலில் வழக்கே போட்டார்கள். அதே ஆண்டு கடைசியில் ஏசஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்ற குட்டி லேப்டாப்பை லினக்ஸோடு மலிவு விலையில் இறக்கியது. நெட்புக் என்ற வகை பிறந்தது. விஸ்டா அதில் ஓடாது. அந்தச் சந்தையை விடாமல் பிடிக்க மைக்ரோசாஃப்ட் பழைய எக்ஸ்பிக்கு ஆயுள் நீட்டியது. பிறகு 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது மலிவான கணினிகளுக்கென்றே 'ஸ்டார்ட்டர்' என்ற பதிப்பை வைத்தது.

ஸ்டார்ட்டர் பதிப்புக்குப் பூட்டுகள் உண்டு. ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள் மட்டும்தான் என்ற பூட்டை வெளியீட்டுக்கு முன்பே எதிர்ப்பு வந்ததால் எடுத்துவிட்டார்கள். வால்பேப்பர் மாற்ற முடியாது என்ற பூட்டு இருந்தது. 32 பிட் மட்டும்தான். எல்லாவற்றையும் விட முக்கியம்: 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அது பயன்படுத்தாது. மதர்போர்டு ஏற்றுக்கொள்ளும், பிராசசர் ஏற்றுக்கொள்ளும், உரிமம் ஏற்றுக்கொள்ளாது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் அருகே காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மின்விசிறியோடு இலவச லேப்டாப் திட்டத்தையும் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். கொள்முதல் செய்தது எல்காட். 14 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே இரண்டு சிஸ்டம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ் லினக்ஸ். 2020க்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போயின. அத்தனை வீடுகளில் கணினியைக் கொண்டு சேர்த்த திட்டம் இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காட்ட முடியாது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. 2011ல் 2 ஜிபி என்பது நியாயமான அளவுதான்.

அந்தப் பாஸ் லினக்ஸுக்கும் ஒரு தமிழ்நாட்டுப் பின்னணி உண்டு. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கி 2007ல் வெளியிட்டது. அதே காலத்தில் உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார், பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிகள் வாங்கப்பட்டன. இலவச லேப்டாப்பில் லினக்ஸ் இருந்ததைத் தற்செயல் என்று நினைக்க வேண்டாம். ஆனால் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை என்றால், ஆன் செய்ததும் வருகிற பட்டியலில் இரண்டாவது வரியை எந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கும்?

2011க்குப் பிறகு என்ன மாறியது

லேப்டாப் அப்படியேதான் இருந்தது. சுற்றி இருந்தது மாறியது.

முதலில் பிரவுசர். 2008ல் வந்த குரோம் ஒவ்வொரு டேபையும் தனித்தனிச் செயலியாக ஓட்டும் முறையைப் பரவலாக்கியது. ஒரு பக்கம் விழுந்தால் மற்றது விழாது, பாதுகாப்பும் கூடும். பதிலுக்கு ரேம் தின்னும். இணையப் பக்கங்களும் கொழுத்தன. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு சாதாரணப் பக்கம் 1 எம்பிக்குள் இருந்தது, இப்போது 2 எம்பிக்கு மேல். அதில் வரும் நிரல் விரிந்து ரேமில் எடுக்கிற இடம் அதைப் போலப் பல மடங்கு.

இரண்டாவது, 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைகள் வெளிவந்தன. அடைக்க வந்த அப்டேட் பழைய பிராசசர்களைக் கொஞ்சம் மெதுவாக்கியது. 2015 காலத்து இன்டெல் கணினிகளிலும் அதற்கு முந்தையவற்றிலும், அதுவும் விண்டோஸ் 7, 8 ஓடினால், பயனர்கள் வேகக் குறைவை உணர்வார்கள் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. "அப்டேட் போட்டதும் ஸ்லோ ஆயிட்டு" என்று சொன்னவர்கள் எல்லாரும் கற்பனை செய்யவில்லை.

மூன்றாவது, நிஜமாகவே வயதாகிற பாகங்களும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் பழுதான இடங்கள் சேர்ந்தால், அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், கணினி நிற்கும். பிராசசருக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்துபோகும். எங்கள் ஊர்ப் பக்கம் தேரி மண் இருக்கிறது. சாத்தான்குளம், குதிரைமொழித் தேரி என்று புவியியல்காரர்கள் ஆராய்ச்சி செய்கிற செம்மண் மணல்மேடு. ஆடிக் காற்றில் அது வீட்டுக்குள் வராத இடம் இல்லை. லேப்டாப் மின்விசிறியின் பல்லிடுக்கில் அந்தச் சிவப்புத் தூசி பஞ்சு மாதிரி அடைந்துவிடும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியான வெயிலில் மெதுவாகவும் ராத்திரியில் கொஞ்சம் சுறுசுறுப்பாகவும் ஓடுகிற லேப்டாப் என்றால் முதலில் தூசியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்

வரலாறு கற்றுத் தருகிற வரிசையிலேயே போகலாம். முதலில், எதற்குக் காத்திருக்கிறது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, பிராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும். மெமரி முழுக்க நிறைந்து, பிராசசர் சும்மா இருந்து, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தால், அது டென்னிங் 1968ல் சொன்ன அதே நோய்.

எதைத் தொடும் முன்பும் போட்டோ, சான்றிதழ்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மெதுவான டிஸ்க் சில சமயம் சாகப்போகிற டிஸ்க்.

தூசி தட்டிப் புது பேஸ்ட் தடவுவது மலிவான வேலை, அதை முதலில் செய்யலாம். அடுத்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. 17 மில்லி நொடி 0.1 ஆகிறது. இதைவிடப் பெரிய பாய்ச்சல் வீட்டுக் கணினி வரலாற்றில் வேறு எந்தப் பாகத்தை மாற்றியும் கிடைத்ததில்லை என்பது என் கணிப்பு. 120 அல்லது 240 ஜிபி போதும். அடுத்து ரேம். அந்தக் காலத்துக்கு டிடிஆர்3 வகை, புதிய வகைகள் அதில் பொருந்தாது. பழைய பாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

ஆனால் ஸ்டார்ட்டர் பதிப்பை வைத்துக்கொண்டு ரேம் போடாதீர்கள். ஒரு கடையில் கூடுதலாக 2 ஜிபி போட்டுக் கொடுத்து, "போட்டாச்சு, அவ்வளவுதான் வேகம் வரும் அண்ணாச்சி" என்று அனுப்பிய லேப்டாப் ஒன்று என் கைக்கு வந்தது. காசு வாங்கினவர் ஏமாற்றவில்லை, ரேம் உள்ளே இருந்தது. விண்டோஸ் அதைத் தொடவே இல்லை, பூட்டு அப்படி. பிராசசர் 64 பிட் தாங்கும் என்பதால் 64 பிட் லினக்ஸ் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். மொத்தம் 4 ஜிபியும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பாட வீடியோ பார்க்கவும், தட்டச்சு செய்யவும், பைத்தான் பழகவும் அது தாராளம். "இது அண்ணன் லேப்டாப்பாண்ணே?" என்று நம்பாமல் கேட்டாள்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைக்க வேண்டும். வீடியோ எடிட்டிங், புதிய விளையாட்டுகள் எல்லாம் அதில் ஓடாது. காத்திருப்பைத்தான் குறைக்க முடியும், பிராசசரை மாற்ற முடியாது.

ஏன் இப்போது

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசசரும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017ல்தான். ஆக, இலவச லேப்டாப்களில் பெரும்பகுதி ஒரு தேதியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழைய இரும்புக் கடைக்கு உரியதாகிவிட்டது. இன்னொரு பக்கம் 2025 கடைசியில் இருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போக, விலை மறுபடி ஏறியிருக்கிறது. 1993ல் பிசின் ஆலை, 1999ல் நிலநடுக்கம், 2011ல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க், இப்போது இது. புதுசு வாங்குவது எளிதாகப் போகிறதில்லை.

தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் அறிவித்தது. டெண்டரில் கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 2011ன் 320 ஜிபியை விடக் கொள்ளளவு குறைவு, ஆனால் வேகம் எத்தனையோ மடங்கு. கிடங்கின் அளவை விடத் தூரம் முக்கியம் என்று டெண்டர் எழுதுபவர்களுக்கும் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதில் மிச்சம் இருக்கிற கேள்வி ஒன்றுதான். 2011 லேப்டாப்பை முடக்கியது அதைப் பயன்படுத்திய பிள்ளை இல்லை, வைரஸும் இல்லை. "2 ஜிபி, சுழலும் டிஸ்க், ஸ்டார்ட்டர்" என்று ஒரு காகிதத்தில் இருந்த மூன்று வரி. அவற்றில் இரண்டைப் பிற்பாடு ஸ்க்ரூ டிரைவரால் மாற்ற முடிந்தது, ஒன்றை லினக்ஸால் தாண்ட முடிந்தது. பல புதிய லேப்டாப்களில் ரேம் மதர்போர்டோடு ஒட்டியே வருகிறது, கழற்ற முடியாது. அதனால் அடுத்த டெண்டரில் எத்தனை ஜிபி என்பதோடு, கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்ற வரியும் வேண்டும். ஒரு வீட்டின் ஒரே கணினி நாலு வருஷம் உழைக்குமா, பத்து வருஷம் உழைத்து அடுத்த பிள்ளைக்கும் போய்ச் சேருமா என்பதை அந்த ஒரு வரி முடிவு செய்யும்.

பீரோ மேல் இருக்கிற லேப்டாப்பை எடைக்குப் போடும் முன் ஒருமுறை இறக்கிப் பின்பக்க மூடியைத் திறந்து பாருங்கள். அநேகமாக அங்கே ஒரு ரேம் இடம் காலியாக இருக்கும்.